மாஸ்டர் வெட்டிய பீட்சா

மருமகள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் வேலை பார்க்கும் கூரியர் அலுவலகத்தில் மேலாளருக்கு மாற்றல் வந்திருந்தது. வழியனுப்பு விருந்துக்கு யார் யார் என்ன கொண்டுவருவது என்று பங்கு பிரித்தபோது யாரோ, "பீட்சாவைக் கடையில சொல்லிடலாம்" என்றார்கள். அவள் சும்மா இருந்திருக்கலாம். "எதுக்குக் கடை? மாவு பிசையறதுல இருந்து எல்லாத்தையும் நானே வீட்டுல செஞ்சு கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். அதுவரை அவள் வாழ்க்கையில் பிசைந்த மாவு ஒரு பிடிகூட இல்லை.

விருந்து அடுத்த திங்கட்கிழமை. கையில் இருந்தது ஆறு நாள், ஒரு பை மைதா, ஒரு டப்பா ஈஸ்ட், பிறகு அந்த ஓவன். கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் போன தடவை இறங்கியபோது ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போனது. மடித்த துண்டுகளை அடுக்கி வைக்க வசதியாக இருந்ததே தவிர, அதை யாரும் இதுவரை சூடாக்கிப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படியில் இறங்கியபோது, மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதமாக அவர் உட்காரும் இடம் அதுதான். அங்கிருந்து அடுப்படி நன்றாகத் தெரியும். குறை சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

தெருவுக்கே அவர் மாஸ்டர். வீட்டு முன்னறைதான் கடை. முப்பது வருஷமாகச் சட்டை, கால்சட்டை, கோட்டு என்று வெட்டித் தள்ளிய ஆள். அளவு கொடுக்க வருகிறவர் மூச்சை இழுத்துத் தொப்பையை ஒளித்தால், "மூச்சை விடுங்க சார், சட்டையும் சேர்ந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காது" என்பார். நல்ல மனிதர்தான். கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் கடையின் கண்ணாடிக் கதவு காற்றில் படாரென்று அடித்து உடைந்தது. ஒரு சில்லு அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே இறங்கி உள்ளே ஓடிய நரம்பை அறுத்துவிட்டது. மருத்துவர் அதைச் சேர்த்துத் தைத்தார். மயக்கம் தெளிந்ததும் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன நூல் போட்டீர்கள் என்பதுதான். நாளாக ஆக விரல்கள் மடங்கின, நீண்டன, பொருளைப் பிடிக்கவும் செய்தன. ஆனால் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் பட்டும் சாக்கும் அவருக்கு ஒன்றுதான். சுட்டாலும் வெட்டினாலும் அந்த மூன்று விரலும் அவரிடம் சொல்லாது என்பதால் அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

கத்தரி பிடிப்பது வலது கை என்றாலும், தையல்காரருக்குத் துணியோடு பேசுகிற கை இடது கைதான். ஊசிக்குக் கீழே இரண்டு துணியும் சேர்ந்து ஓடுகிறதா, அடியில் இருப்பது சுருண்டு சிக்குகிறதா என்று சொல்வது அதுதான். அது ஊமையான பிறகு அவர் தைத்த ஒரே சட்டையில், கையும் உடம்பும் சேருமிடத்தில் ஒரு மடிப்பு மாட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் கவனிக்கக்கூட இல்லை. மாஸ்டர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்தவர்தான், மறுபடி மெஷினில் உட்காரவில்லை.

"நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார் பாவம். வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் டேப்பை எடுத்தார். தழும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை சரியாகப் பத்து அங்குலம். அப்படியென்றால் இருநூற்று ஐம்பத்து நாலு மில்லிமீட்டர், இருநூற்று ஐம்பத்து நாலு நாள். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தார். அந்தத் தேதியும் வந்தது. அன்றைக்குப் பூராவும் விரல் நுனிகளை மேசை விளிம்பில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடிவிட்டது.

"சொன்ன தேதிக்கு வரலைன்னா அப்புறம் வரவே வராது" என்று முடிவு கட்டி, பழைய மெஷின்கள் வாங்கி விற்கிறவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வந்து பெரிய மெஷினையும் வெட்டு மேசையையும் எடுத்துப்போவதாகப் பேச்சு. பட்டன் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, பழுது பார்ப்பது என்று இத்தனை நாள் கடையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மாஸ்டர் மெஷின் இழுப்பறையைக் காலி பண்ணச் சொன்னார். "எனக்கு நேரமில்லை" என்றாள். அன்றிலிருந்து தினமும் அவளுக்கு நேரமில்லை.

வீட்டு நிலவரம் இப்படி இருக்கும்போதுதான் மருமகள் மாவில் கை வைத்தாள்.

போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள். ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போடச் சொன்னாள். வெதுவெதுப்பில் பொங்கினால் கொதியில் இன்னும் சீக்கிரம் பொங்கும் என்று மருமகள் நினைத்தாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், மாவு வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஈஸ்ட் வெந்து செத்துப்போயிருந்தது. அதையும் விடாமல் தட்டி, தக்காளியைப் பூண்டோடு வதக்கித் தடவி, சீஸைத் தூவி ஓவனில் தள்ளினாள்.

வந்ததை மாஸ்டர் வலது கையால் வாங்கி மேசையில் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

"ஏம்மா, இதைக் காலருக்குள்ள வெச்சுத் தைக்கலாமே. பத்து வருஷத்துக்கு மடங்காது."

"மாமா, பசிக்குதுன்னா சாப்பிடுங்க, இல்லைன்னா சும்மா இருங்க."

"பசிக்கத்தான் செய்யுது. பல்லு வேணுமே."

மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது என்று மாஸ்டருக்கு உறைத்தது. உறைத்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தண்ணீர் சரியாக இருந்தது. மாவு பாத்திரத்தை நிறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. மருமகள் கையைத் தட்டிக் குதித்தாள். ஆனால் அதை எடுத்து விரிக்க ஆரம்பித்ததும் கதை கந்தலாகிவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கியது, நடுவில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை ஒட்டினால் ஓரம் தடித்தது. மாஸ்டர் நாற்காலியில் நெளிந்தார். எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்க்காமல் கண்டபடி இழுக்கிறாளே என்று அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு தடவை தொண்டையைக் கனைத்தார். ஐந்தாவது தடவை எழுந்தே விட்டார்.

"நகரு. தட்டு எத்தனை அங்குலம்?"

"எனக்கென்ன தெரியும்? வட்டமா இருக்கு."

டேப் அவர் கழுத்தில்தான் தொங்கியது. வேலை இல்லாவிட்டாலும் காலையில் குளித்ததும் அதை மாட்டிக்கொள்வது பழக்கம். தட்டை அளந்தார். பன்னிரண்டு. மாவைக் கட்டையால் உருட்டிப் பதினாலுக்கு அகலமாக்கச் சொன்னார். கடையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை வரவழைத்து, கழுவித் துடைத்தார். நடுவில் ஒரு புள்ளி வைத்து டேப்பைச் சுற்றி, மைதா மாவாலேயே பன்னிரண்டு அங்குல வட்டத்துக்குக் கோடு போட்டார். பிறகு வெட்டினார். அப்படி ஒரு வட்டம்! கோடு எங்கே, கத்தரி எங்கே என்று தெரியாத வெட்டு. மருமகள் வாயைப் பிளந்தாள். பல மாதம் கழித்துக் கத்தரியைத் தொட்ட சந்தோஷத்தை மறைக்க மாஸ்டர், "இதுக்குப் பேர்தான் வேலை" என்று ஒரு அதட்டல் போட்டார்.

வட்டத்தைத் தூக்கித் தட்டில் போட்டதும் அது பதினொன்றானது. தக்காளி தடவி முடிப்பதற்குள் பத்து. ஓவனிலிருந்து வெளியே வந்தபோது, பெரிய தட்டின் நடுவே குண்டாக, ஒன்பது அங்குலத்தில் குந்தியிருந்தது.

மாஸ்டரின் மனைவி தட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார் தொப்பையை உள்ள இழுத்துட்டார் போல" என்றாள்.

மருமகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டருக்கும் அடக்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

"புதுத் துணின்னா நனைச்சுக் காயவெச்சு, அது சுருங்கற மட்டும் சுருங்கட்டும்னு விட்டுட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். தையலுக்குன்னு ஓரத்துல வேற தனியா துணி விடணும். முப்பது வருஷமா எல்லாருக்கும் இதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்! மாவுன்னதும் மறந்துட்டேன் பாரு. இதையும் கொஞ்ச நேரம் சும்மா விட்டிருக்கணும். அளவுக்கு அளவு வெட்டினா இப்படித்தான்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். "கைக்கும் இப்படித்தானே மாமா கணக்குப் போட்டீங்க?"

"என்ன?"

"டேப் வெச்சு அளந்தீங்க. பத்து அங்குலம், இத்தனை நாள்னு போட்டுட்டீங்க. டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துல இருந்தேனே. ஏறக்குறையன்னு சொன்னார். தைச்ச இடத்தைத் தாண்டறதுக்கே நரம்பு ஒரு மாசம் எடுத்துக்கும்னும் சொன்னார். நீங்க எதுக்குமே கூடுதலா நாள் விடல."

சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டரின் முகம் கறுத்தது. "தெரியாத விஷயத்துல பேசாத. நான் போட்ட அளவு தப்பாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். முன்னே இருந்தது ஒன்பது அங்குல பீட்சா. தப்பாத அளவு என்று சொல்ல அது நல்ல சமயமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவர் மருமகளோடு பேசவில்லை. அவளும் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று மனைவி முணுமுணுத்தபோது, "அத்தை, கப்பல் கவிழ்றதை எல்லாம் இந்த வீட்டுல சொல்லாதீங்க, உங்க பையன் அதுலதான் இருக்கார்" என்றாள். மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரித்துவிட்டால் சமாதானம் ஆகிவிடும். அவர் அதற்குத் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் பயந்துபோயிருந்தார். வராது என்று முடிவு பண்ணிவிட்டால் ஒரே ஒரு வலிதான். வரலாம் என்று மறுபடி ஆரம்பித்தால், தினமும் காலையில் எழுந்து விரலைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். தினமும் ஏமாற வேண்டும். அந்தத் தெம்பு தன்னிடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் எழுந்து வந்தபோது அடுப்படி மேடை முழுக்க மைதா. மாஸ்டர் நின்று பிசைந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு உன் ஆபீஸ்ல என் மானம் போகக் கூடாது. அதுக்குத்தான் இன்னைக்கு ஒத்திகை" என்றார், அவள் கேட்பதற்குள்.

அவள் பக்கத்தில் நின்று, தேவைப்பட்டபோது தண்ணீர் ஊற்றினாள். வலது கை தானாக வேலை செய்தது. இடது கையை அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. கட்டைவிரல் எங்கே அமுக்குகிறது, நடுவிரல் எங்கே போயிற்று என்று பார்க்காவிட்டால் தெரியாது. இருபது நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது. ஒட்டிப் பிசுபிசுத்த மாவு மெல்ல மெல்ல வழவழப்பாகி, அமுக்கினால் திரும்ப எழும்பியது. அதை அவருக்குச் சொன்னது வலது கை.

"மாமா, ஒரு துண்டை எடுத்து மெல்லிசா விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க. கிழியாம அந்தப் பக்கம் தெரிஞ்சா பதம் சரின்னு போன்ல அந்தப் பொண்ணு சொன்னா."

"துணி வாங்கறப்ப நான் செய்யறதே அதுதானே" என்று மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மாவு விரிந்தது, கிழியவில்லை. அதன் வழியாக எதிர்வீட்டு மாடியின் கொடிக்கயிறு மங்கலாகத் தெரிந்தது. "நல்ல நெசவு" என்றார். இரண்டு நாள் கழித்து மருமகளைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மத்தியானம் வரை அதைத் தூங்கவிட்டார்கள். எடுத்து உருண்டையாக்கி மறுபடி விட்டார்கள். மருமகள் அவசரப்பட்டபோதெல்லாம் மாஸ்டர், "சுருங்கறதெல்லாம் சுருங்கி முடியட்டும்" என்று கையைத் தட்டிவிட்டார். இந்தத் தடவை கத்தரி கிடையாது, டேப்பும் கிடையாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல்களால் தள்ளித் தள்ளி விரித்தார். அது போன இடத்திலேயே நின்றது. தட்டை நிறைத்து, விளிம்பில் கொஞ்சம் ஏறிக்கூட உட்கார்ந்தது.

தக்காளியும் சீஸும் போட்டு ஓவனில் வைத்த நேரம், வாசலில் மெஷின் வாங்க வருகிறவரின் குரல் கேட்டது. சரியாக நாலு மணி. மனிதர் முன்னறையில் மெஷினைச் சுற்றி வந்தார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், இழுப்பறையை இழுத்தார். உள்ளே பாபின்களும் ஊசிகளும் நூல்கண்டுகளும் அப்படியே இருந்தன.

"இன்னும் காலி பண்ணலையா மாஸ்டர்?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள், "டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்தார். இவளும் இந்த மெஷினோடு முப்பது வருஷம் இருந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்டோமா என்று முதன்முதலாகத் தோன்றியது. ஆனால் வந்தவர் வந்துவிட்டார், வாக்கு கொடுத்தாகிவிட்டது. "இப்ப எடுத்துடலாம்" என்று இழுப்பறைப் பக்கம் குனிந்தார்.

அதற்குள் வாசனை வந்துவிட்டது. வெந்த மாவும் உருகிய சீஸும் பூண்டும் சேர்ந்து வீட்டையே தூக்கியது. மருமகள் இரண்டு கைக்கும் துணி சுற்றித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்படி மேடையில் மாவு சிதறிக் கிடந்ததால் நேரே வெட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஆனால் ஓரம் பொன்னிறத்தில் உப்பி, அங்கங்கே கருகி, பார்க்கவே வாயூறியது.

"மாமா! வந்துடுச்சு!"

எந்தத் துணி கையில் வந்தாலும் மாஸ்டர் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். மேல்தையல் எவனும் போடுவான், உள்பக்கம் பார்த்தால்தான் வேலைக்காரன் யார் என்று தெரியும் என்பார். இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைக் கிள்ளித் தூக்கித் திருப்புவது முப்பது வருஷப் பழக்கம். யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. வெந்திருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தவர், பீட்சாவின் விளிம்பைக் கிள்ளித் தூக்கினார்.

"ஆ!"

கையை உதறினார். தட்டு கடகடவென்று ஆடியது. மெஷின்காரர் பின்னால் நகர்ந்தார். மருமகள் பதறிப்போய், "ஐயோ மாமா, இடது கை! பார்த்துத் தொடக் கூடாதா?" என்று கத்திவிட்டு, கத்திய வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் விரல்களைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். நுனி இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் இருந்த நடுவிரல் தடவிப் பார்த்தும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த இரண்டும்...

"சுட்டுச்சு" என்றார். "ஏய்! இங்க வா! சுடுதுடி! எனக்குச் சுடுது!"

மனைவி டீ வடிகட்டியோடு ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், வடிகட்டியைக் கீழே போட்டாள். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. சிரித்துக்கொண்டும் இருந்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, பின்பக்கத்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மெஷின்காரர் ஒன்றும் புரியாமல் மருமகளைப் பார்த்தார். "அப்ப மெஷினை ஏத்த வண்டியை வாசலுக்கு எடுக்கச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம் அண்ணே. மெஷின் எங்கயும் போகல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க உட்காருங்க. ஒரு துண்டு சாப்பிட்டுட்டுப் போங்க."

குழாயடியில் மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். "கொஞ்சம் இருடி. உடனே தண்ணியில காட்டாத. இன்னும் கொஞ்ச நேரம் சுடட்டும்."

"கொப்புளம் வந்தா நாளைக்கு எப்படித் தைப்பீங்க?" என்று அவள் ஒரு அதட்டுப் போட்டாள். முப்பது வருஷத்தில் அவரை அவள் அப்படி அதட்டியதில்லை. குழாயைத் திறந்து, இரண்டு விரலையும் தண்ணீருக்குக் கீழே பிடித்தாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜில்லுனு இருக்கு" என்றார்.